மணமகன் இட வேண்டிய கையெழுத்து

சிரஞ்சீவி மருமகனுக்குக் கூமாப்பட்டியிலிருந்து தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது.

ஓர் இளைஞனுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது, பத்திரிகை அடிப்பது, பட்டெடுப்பது, சமையற்காரரிடம் பேசி முடிப்பது என்று வீட்டார் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த இளைஞனோடு பதினைந்து இருபது ஆண்டுகள் ஒன்றாகத் திரிந்த நண்பர்களைப் பற்றி எவரும் பேச்செடுப்பதில்லை. பிளவக்கல் பெரியாறு அணையிலிருந்தும் கோவிலாறு அணையிலிருந்தும் வரும் தண்ணீரில் விளையாடி, அமாவாசைதோறும் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறி, ஒரே கண்மாய்க் கரையில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து பேசி வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கூட்டத்தில் முதலில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது சொல்ல முடியாத ஒரு கலக்கம் வருகிறது. இனி இவன் நம்மோடு வரமாட்டான் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். இவன் கூட்டாளிகளை விட்டுவிட்டு வீடு தங்குவானா என்று பெண் வீட்டார் நினைக்கிறார்கள். வரப்போகும் பெண்தான் நட்பை நிறுத்தவோ நீட்டிக்கவோ போகிறவள் என்ற எண்ணமே இவ்விரண்டு அச்சங்களுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு. அந்தப் பொறுப்பு முழுவதும் மணமகனுடையது. மருமகனுக்குத் தாய்மாமன் சொல்ல விரும்புவது இதுதான்.

இந்தத் தவறான எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு 2022ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வந்த இரண்டு நிகழ்ச்சிகள் போதும். அவ்வாண்டு செப்டம்பரில் உசிலம்பட்டியில் நடந்த ஒரு திருமணத்தில், மணமகனோடு கிரிக்கெட் ஆடும் நண்பர்கள் 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்து, சனி ஞாயிறுகளில் மணமகனை விளையாட அனுப்புவதாக மணமகளிடம் மேடையிலேயே கையெழுத்து வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் நடந்த மற்றொரு திருமணத்தில், இரவு ஒன்பது மணி வரை நண்பர்களோடு இருக்கும் கணவனுக்கு இடையூறு செய்வதில்லை என்று மணமகள் 50 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டும் அன்பினால் செய்யப்பட்டவை, மணமகள் இருவரும் சிரித்த முகத்தோடுதான் கையெழுத்திட்டார்கள் என்பதில் ஐயமில்லை. நண்பனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் மனம் அந்தத் தாளில் தெரிகிறது, அந்த மனம் மதிக்கத்தக்கது. ஆயினும் கடன்பட்டவனை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரிடம் பத்திரம் எழுதி வாங்குவது எவ்வளவு பொருத்தமற்றதோ அவ்வளவு பொருத்தமற்றது அந்தக் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமற்போவதும், இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவதும் ஆண்மகனின் செயல்களே. வர மனமில்லாத நாளில் ‘வீட்டில் விடமாட்டேன் என்கிறாள்’ என்று நண்பர்களிடம் சொல்லும் ஒரு சொல்லால், ஒரு தவறும் செய்யாத பெண் அந்தக் கூட்டத்தின் கண்ணில் பகையாளியாகிவிடுகிறாள். அந்தச் சொல்லை மருமகன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லக் கூடாது.

திருமணத்துக்கு முன்பும் பின்பும் நண்பனுக்கு என்ன இடம் என்பதைத் தமிழ் இலக்கணம் மிக நுட்பமாக எண்ணியிருக்கிறது. அகப்பொருளில், அதாவது காதலையும் இல்லறத்தையும் பாடும் இலக்கிய மரபில், தலைவனின் உயிர்த்தோழனுக்குப் பாங்கன் என்று பெயர். காதலில் விழுந்து உறுதி குலைந்து நிற்கும் தலைவனைப் பார்த்து, உன் பெருமைக்கு இது தகுமா என்று பாங்கன் இடித்துச் சொல்கிறான். இதற்குக் கழறுதல் என்று பெயர். தலைவன் தன் நிலையை எடுத்துச் சொன்ன பிறகு, அவனது காதலின் உண்மையை உணர்ந்து துணை நிற்கவும் செய்கிறான். திருமணத்துக்குப் பின் பாங்கனை மேடையிலிருந்து இறக்கிவிடாததுதான் இந்த மரபின் சிறப்பு. கணவனுக்கும் மனைவிக்கும் ஊடல் வரும்போது இடையே நின்று இணக்கம் செய்விப்பவர்களை வாயில்கள் என்று தொல்காப்பியம் கூறுகிறது. கற்பியலில் அவர்களுள் பன்னிருவரைப் பெயர் சொல்லி அடுக்குகையில் தோழி, தாய் முதலியோரோடு பாங்கனையும் சேர்த்திருக்கிறது. மனைவியின் முன் சென்று நின்று பேசும் தகுதி உடையவனாக நண்பன் இருந்தால்தான் வாயிலாக முடியும். அத்தகுதி தாலி கட்டிய அன்றே வந்துவிடாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அங்கே ஒரு வாய் சோறு தின்று, அவள் ‘அண்ணே’ என்று அழைக்கும் அளவுக்குப் பழகிய பிறகே வரும். ஆகவே இதுவரை கண்மாய்க் கரையிலும் டீக்கடை பெஞ்சிலும் நடந்த நட்பில் ஒரு பாதியாவது தலைவாசல் வழியாக வீட்டுக்குள் வர வேண்டும். வீட்டுக்கு அழைத்துவர முடியாத நண்பன் ஒருவன் உண்டென்றால், அவனோடான பழக்கத்தில் மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நட்பு குடும்பத்தையும் தன் பொறுப்பாக ஏற்கும் என்பதற்குப் புறநானூறு காட்டும் கபிலரைவிட உயர்ந்த சான்று தேட வேண்டியதில்லை. பறம்பு மலைத் தலைவனான பாரி மூவேந்தரின் முற்றுகையில் மாண்ட பிறகு, அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, இவர்களை மணந்துகொள்க என்று பாரியின் நண்பரான அந்தப் புலவர் கேட்டு நின்றார். மறுக்கப்பட்ட பின்பும் அவர்களைத் தனியே விட்டுவிடவில்லை.

இவ்வளவு பழைய காலத்துக்குப் போக வேண்டாம் என்று மருமகன் நினைத்தால், இதே கரிசல் வட்டாரத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரைப் பார்க்கலாம். அங்கே பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சமவயதினர், சிறு வயது முதல் இணைபிரியாதவர்கள். இசையிலும் இலக்கியத்திலும் ஒருவர் பித்து மற்றவரையும் பற்றிக்கொண்டது. கி.ரா. என்று அழைக்கப்படும் ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயியாகத் தங்கினார். அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குப் போனார். 1952இல் மலேயாவுக்குச் சென்று ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றி, அங்கேயே மணம் முடித்து, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். கடல் குறுக்கே கிடந்தது, இருவருக்கும் குடும்பம் வந்தது, வறுமையும் வேலை நெருக்கடியும் இருந்தன. அப்படியிருந்தும் அவர்களிடையே கடிதம் நிற்கவில்லை. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. 1970இல் அழகிரிசாமி காலமானார். அவ்வாண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 1991இல் அதே விருது ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகக் கி.ரா.வுக்குக் கிடைத்தது. 2021 மே மாதம் புதுச்சேரியில் மறையும் வரை, நண்பன் போன பின் வாழ்ந்த அரை நூற்றாண்டிலும், கி.ரா. அழகிரிசாமியைப் பற்றி எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டுமிருந்தார்.

இந்த இருவரிடம் கற்க வேண்டியது, தினமும் பார்த்துக்கொள்வது நட்புக்கு அவசியமில்லை, தன் நிலையை உள்ளபடி சொல்லிக்கொள்வதே அவசியம் என்பதாகும். கூமாப்பட்டி இளைஞர்களுள் பலர் இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் பிழைக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை முதல் இரவு வரை மீம்ஸ் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதில் உள்ள ஒருவனுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வதில் காட்டும் உரிமையை, ‘எனக்குக் கடன் இருக்கிறது’, ‘அப்பா உடம்பைப் பார்த்தால் பயமாக இருக்கிறது’ என்று சொல்வதில் காட்டுவதில்லை. இதையெல்லாம் கேட்க இனி மனைவி வந்துவிடுவாள் என்று எண்ணி, ஓர் ஆணின் மனப்பாரம் முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவதும் அநீதியே. வளர்ந்த ஆண்கள் தங்களுக்குள் இவற்றைப் பேசப் பழக வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வட்டாரத்தில் நட்பு முறிந்த இடங்களைத் தோண்டினால் பெரும்பாலும் பணமே கிடைக்கிறது. கைமாற்று, அதாவது வட்டியும் எழுத்தும் இல்லாமல் சில நாளைக்கு வாங்கும் சிறு தொகை, நண்பர்களிடையே இயல்பானது. அதில் பெரிய தீங்கு இல்லை. ஜாமீன் கையெழுத்து வேறு வகை. நண்பன் வாங்கும் கடனுக்குப் பிணை நிற்பவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதன் 128ஆம் பிரிவில் சொல்கிறது. நண்பனால் கட்ட முடியாதபோது முழுத் தொகைக்கும் பிணைதாரரின் வீட்டுக் கதவு தட்டப்படும். திருமணத்துக்கு முன் அது ஒருவனின் சம்பளத்தை மட்டும் தொட்டது, இனி இரண்டு பேரின் அடுப்பைத் தொடும். எனவே மனைவியிடம் சொல்லாமல் எவருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்பதை மருமகன் முறையாகவே கொள்ள வேண்டும்.

நகை விஷயம் இதனினும் கடுமையானது. நண்பனின் அவசரத்துக்கு மனைவியின் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அடகுக்கடையில் வைப்பதைப் பெருந்தன்மை என்று பேசுவோர் உண்டு. பெண்ணுக்குத் திருமணத்தின்போது வந்த நகையும் பொருளும் சீதனம், வடமொழியில் ஸ்திரீதனம்; அது அவளுடைய தனிச்சொத்து, கணவனுக்கு அதில் கூட்டுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாக்கியது, 2024இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் கொடுப்பவன் கொடையாளி ஆகமாட்டான். அவள் தானே முன்வந்து கொடுத்தால், கொடுத்தவள் அவள் என்பதை நண்பனுக்குச் சொல்லி, மீட்டுத் தரும் நாளையும் அவள் முன்னிலையிலேயே குறிக்க வேண்டும்.

மணமகள் சத்திரப்பட்டிப் பெண். பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அவளுக்கும் தோழிகள் இருக்கிறார்கள் என்பது இந்தப் பேச்சுகள் எதிலும் வருவதேயில்லை. திருமணத்துக்குப் பின்னும் மருமகனின் கண்மாய்க் கரை அங்கேயேதான் இருக்கப்போகிறது. ஊர் மாறுகிறவள் அவள், கூட்டத்தைப் பிரிகிறவள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையில் மூன்றில் ஒரு பங்கு, விடியுமுன் வீடு வீடாகச் சென்று தோழியரை எழுப்பும் பாட்டுகளே. நாச்சியார் திருமொழியில் தன் திருமணக் கனவை அவள் எடுத்துச் சொல்வதும் ஒரு தோழியிடமே. அந்தப் பாசுரங்களைத் திருமண வீடுகளில் பாடக் கேட்பவர்கள், கேட்கும் இடத்தில் ஒரு தோழி இருக்கிறாள் என்பதைக் கவனிப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்களுக்கென்று மருமகன் ஒதுக்கிக்கொண்டால், இன்னொரு ஞாயிறு அவள் சத்திரப்பட்டிக்கோ இராஜபாளையத்துக்கோ போய்த் தன் தோழியரைப் பார்த்து வர வேண்டும். அன்று வீட்டில் சமைப்பதும் வயதான தாயைப் பார்த்துக்கொள்வதும் மருமகன் வேலை. முத்திரைத்தாளில் எழுத வேண்டிய ஒப்பந்தம் ஒன்று உண்டென்றால் அது இதுவே, கையெழுத்திட வேண்டியவன் மணமகன்.

நண்பர்கள் வைக்கும் கல்யாணப் பேனரும் வேண்டாம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். நண்பர்கள் ஆசையாக அடித்து வைத்தால் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். வத்திராயிருப்புச் சாலையில் நிறுத்தக் கூடாது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பார்ட்டி என்ற பெயரில் குடித்துவிட்டு பைக்கில் அணைப் பக்கம் போவதற்கும் தாய்மாமனின் சம்மதம் இல்லை.

கடைசியாகப் பந்தி விஷயம். இந்த ஊர்க் கல்யாணங்களில் முதல் நாள் காய்கறி ஏற்றிவருவது முதல், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாம்பார் வாளியோடு இலைக்கு இலை ஓடுவது வரை மாப்பிள்ளையின் நண்பர்கள்தான் செய்கிறார்கள். உறவினர் எல்லாம் செய்முறை எழுதி, அதாவது மொய்ப் பணத்தை நோட்டில் பதிந்துவிட்டு, வண்டி ஏறிய பிறகு, ஆறிய ரசத்தோடு கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களும் அவர்களே. மேடையில் மாப்பிள்ளைத் தோழனாக மணமகளின் தம்பி உட்காரட்டும், அது முறை. கடைசிப் பந்தியில் மணமகனும் மணமகளும் சேர்ந்து அந்த நண்பர்களுக்குப் பரிமாறிவிட்டு அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும், எந்த ஊரில் என்ன வேலை என்பதையும் மருமகன் அவளுக்குச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அதுவரை அப்பளமும் பாயசமும் தீராமல் எடுத்து வைக்கும்படி சமையற்காரரிடம் தாய்மாமன் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.