பழைய சென்ட்ரிங் தகடு வாங்கும் முன்

டிப்ளமோ முடித்ததும் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகி வருவதால் வேலைக்கும் குறைவில்லை. ஆனால் முதல் செலவே சென்ட்ரிங் சாமான்தான். புதிது வாங்கப் பணம் இராது, பழையதைத் தேடுவோம். அடையாறில் ஒரு கட்டடத்தில் பயிற்சியின்போது இதுபற்றி நான் கற்றதை எழுதுகிறேன்.

தகட்டின் மேல் பாரம்

வழக்கமான தகடு 3 அடிக்கு 2 அடி. 5 அங்குலத் தளம் போட்டால் ஒரு தகட்டின் மேல் ஈரக் கான்கிரீட் மட்டுமே சுமார் 175 கிலோ. ஆட்கள் நடப்பதும் வைப்ரேட்டர் அதிர்வும் தனி.

பார்க்க வேண்டியவை

1. எடை: "பெயின்ட்டைப் பாக்காதே தம்பி, தராசைப் பாரு" என்பார் எங்கள் மேஸ்திரி. 2 மி.மீ. தகடு, சட்டம் நீங்கலாக, சுமார் 8¾ கிலோ. துருப்பிடித்து 1.6 மி.மீ. ஆகிவிட்டால் 7 கிலோதான். அதே சட்டமுள்ள புதுத் தகட்டோடு நிறுத்து ஒப்பிடுங்கள். விறைப்பு தடிப்பின் மும்மடிப்படி மாறும் என்று வகுப்பில் படித்தோமே! தடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். தளம் தொப்பை போடும். பூச்சுச் செலவு ஏறும்.

2. ஓட்டை: வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் சிமென்ட் பாலும் ஒழுகும். அடிப்பக்கம் தேன்கூடு போலாகும். கடலோர உப்புக் காற்று அதன் வழியே கம்பியை அரிக்கும். கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456:2000 கேட்கும் 45 மி.மீ. கவர் இருந்தும் பயனில்லை.

3. மூலைவிட்டம்: இரண்டும் 3 அடி 7¼ அங்குலம் இருக்க வேண்டும். வேறுபட்டால் இடைவெளி விழும்.

4. சட்டம்: ஆங்கிள் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையிலும் தட்டிப் பாருங்கள்.

எத்தனை வாங்குவது?

1000 சதுர அடிக்கு 167 தகடாவது வேண்டும். முட்டிலும் கஞ்சத்தனம் கூடாது. சாமான் பற்றாதவர்தான் அடுத்த தளத்துக்காக அவசரமாகப் பிரிப்பார். சாதாரண சிமென்ட்டில், 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது அதே விதிநூல். தகட்டை 3 நாளில் எடுக்கலாம். ஆனால் முட்டை உடனே திரும்பக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தகட்டின் கீழே நின்று முட்டுக் கொடுப்பவர் நம் தொழிலாளி. விலை பேசுமுன் அவரை நினைத்துக்கொள்வோம்.