அளவறிந்து வாங்குவோம் கைப்பேசி

அறிவியல் மனிதனுக்கு அளித்த கருவிகளுள் இன்று நம் கையை விட்டு நீங்காதது கைப்பேசியே எனில் அது மிகையன்று. வகுப்புக் குறிப்பு, தேர்வுக் கட்டணம், உதவித்தொகை விண்ணப்பம், ரயில் பயணச்சீட்டு ஆகிய அனைத்தும் அதன் வழியே நடைபெறுகின்றன. காட்டாங்குளத்தூரில் செங்கல்பட்டு ரயிலேறினால் மூன்றாவது நிலையம் பரனூர். அதையடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் நிறுவனம் 2022-இல் தொடங்கிய தொழிற்சாலையில் ஐபோன்கள் உருவாகின்றன. விலையுயர்ந்த கைப்பேசி நம் ஊர்ப்பக்கமே பிறக்கிறது. ஆனால் நம் வீட்டு வரவுக்கு ஏற்ற கைப்பேசி எது? இதனை அறிவியல் நோக்கில் ஆராய்வோம்.

சமநிலை என்றால் என்ன?

செருமானிய வேதியியலறிஞர் லீபிக் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய விதி ஒன்று உண்டு. பயிரின் வளர்ச்சியை முடிவு செய்வது மிகுதியாக உள்ள சத்து அன்று. மிகக் குறைவாக உள்ள சத்தேயாகும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் சாம்பல் சத்து இல்லையேல் விளைச்சல் இல்லை. கைப்பேசிக்கும் இவ்விதி பொருந்தும்.

என் முதல் கைப்பேசி இதனை எனக்குக் கற்பித்தது. கேமராவின் எண்ணைக் கண்டு மயங்கி வாங்கினேன். சேமிப்பகமோ 32 ஜிபி மட்டுமே. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று சான்றிதழை ஏற்றும்போது இடமின்றி அது உறைந்து நின்றது. பின்னர் கணினி மையத்தில் இரவு வரை காத்திருந்து விண்ணப்பத்தை அனுப்பினேன். ஓர் உறுப்பின் குறை மற்ற உறுப்புகளின் சிறப்பை வீணாக்கிவிட்டது.

நினைவகம்

அன்றாடப் பயனுக்கு 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பகம் போதுமானவை. சிலர் ‘8+8’ என விளம்பரம் செய்வர். பின்னுள்ள எட்டு, சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவதே. அதன் வேகம் உண்மையான ராமைவிட மிகக் குறைவு. சேமிப்பகத்திலும் இரு வகை உண்டு. இஎம்எம்சி வகையைவிட யுஎஃப்எஸ் வகை விரைவானது.

மின்கலம்

5,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி கிடைக்கும். நாள்தோறும் முழுவதுமாக மின்னேற்றினாலும், இழப்பையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரமே செலவாகும். எனவே கவலை மின்கட்டணம் பற்றியதன்று; மின்கலத்தின் ஆயுள் பற்றியது. லித்தியம்-அயனி மின்கலத்திற்கு வெப்பமே பெரும் பகை. வெயிலிலும் தலையணைக்கு அடியிலும் வைத்து மின்னேற்றலாகாது. இயன்றவரை 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நன்று.

திரையும் கேமராவும்

எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரியும். அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்புப் புள்ளிகள் அணைந்திருப்பதால் மின்சாரம் மிச்சமாகும். நடைமேடை வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று கடைக்கு வெளியே நின்று பார்த்தல் வேண்டும்.

50 மெகாபிக்சல் கேமராக்கள் பொதுவாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமே தருகின்றன. எண்ணைவிட உணரியின் பரப்பும் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் அமைப்பும் முக்கியமானவை. கூடுதலாகப் பொருத்தப்படும் 2 மெகாபிக்சல் கண்களால் பெரும்பயன் இல்லை.

விலையும் ஆயுளும்

விலையை மாதக் கணக்கில் பார்ப்பதே அறிவுடைமை. 10,000 ரூபாய்க் கைப்பேசி இரண்டே ஆண்டு உழைத்தால் மாதத்திற்கு 417 ரூபாய் ஆகிறது. 18,000 ரூபாய்க் கைப்பேசி நான்காண்டு உழைத்தால் 375 ரூபாய். 60,000 ரூபாய்க் கைப்பேசி ஐந்தாண்டு உழைத்தாலும் 1,000 ரூபாய். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு மாதந்தோறும் நமக்களிக்கும் தொகை அதே 1,000 ரூபாய்தான்! புத்தகத்திற்கும் பயணத்திற்கும் வந்த பணம் முழுவதையும் ஒரு கருவி விழுங்கலாமா?

ஆனால் நான்காண்டு உழைக்க வேண்டுமெனில், பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் அத்தனை ஆண்டுகள் கிடைக்க வேண்டும். வங்கிக் கணக்கு அதில் இருப்பதால் இதனைக் கேட்டே வாங்குக. வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணம் உண்டா, ரொக்கத் தள்ளுபடி இழக்கிறோமா என்று வினவுக.

வாங்குமுன்

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டது. என்28, என்78 அலைவரிசைகள் உள்ளனவா எனப் பார்த்தல் நலம். பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். ‘கேஒய்எம்’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அது முடக்கப்பட்டதா என்று அறியலாம்.

நண்பர்களே! கைப்பேசியின் விலை நம் மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை, மதிப்பையும் கூட்டுவதில்லை. ஆனால் குறையுள்ள கைப்பேசி ஒரு வாய்ப்பைத் தவறச் செய்துவிடும். மிகை விலைக் கைப்பேசி பெற்றோரைக் கடனாளியாக்கிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளதே நமக்கான வழி. பெருக்கியும் வகுத்தும் பார்க்கக் கற்ற நாம், கடை வாயிலிலும் அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக!