மலையடிவாரப் பிள்ளைகள் வாய் திறந்து பேச ஒரு வாராந்திர வட்டம்

தென்காசி மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர்களிலும், வாசுதேவநல்லூரை அடுத்த தலையணை போன்ற பளியர் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் சூட்டிகையானவர்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகத்தான் அவர்களுக்கு இடமில்லை. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் நெல்லை வீட்டின் 'வட்டத்தொட்டி' முற்றத்தில் நண்பர்களைக் கூட்டித் தமிழை அனுபவித்தார். பிற்காலத்தில் குற்றாலத்திலும் அதைத் தொடர்ந்தார். அதே வழியில் பிள்ளைகளுக்கும் ஒரு வட்டம் கூட்டலாம்.

1. இடமும் நேரமும்: பெற்றோரைக் கலந்துகொண்டு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வரக்கூடிய பொது இடமாக இருக்கட்டும். சாரல் காலத்துக்குக் கூரை வேண்டும்.

2. பாதுகாப்பு: எப்போதும் பெரியவர்கள் இருவர் உடனிருங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

3. உட்காரும் முறை: 10 முதல் 15 பேர் போதும். நீங்களும் அவர்களோடு தரையில் உட்காருங்கள்.

4. தெரிந்ததைக் கேளுங்கள்: "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். "அருவிக்கரையில் என்ன பார்த்த?" என்று கேளுங்கள். "குரங்கு" என்று ஒரு சொல் வரும். "என்ன செஞ்சுச்சு?" "பையைப் பிடுங்கிட்டு ஓடிட்டு." "அப்புறம்?" இதற்குள் பிள்ளை எழுந்து நின்று நடித்துக் காட்டத் தொடங்கியிருக்கும். நடுவில் புகுந்து பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

5. வாசிப்பு: பள்ளிக்கல்வித் துறை 4, 5-ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் நடத்துகிறது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும்.

6. பொறுப்பு: வருகை எடுப்பது, கூட்டத்தை நடத்துவது, பாய் விரிப்பது எல்லாம் முறை வைத்து மாறட்டும். பெருக்கும் வேலை பெண் பிள்ளைகளுக்கு, தலைமை ஆண் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிடக் கூடாது.

7. வெளியுலகம்: அவ்வப்போது தபால் நிலையம், வங்கி, நூலகத்துக்கு அழைத்துப் போங்கள், படிவத்தைப் பிள்ளைகளே கேட்டு வாங்கட்டும். அனுமதி பெற்று ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் காட்டுங்கள். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. மனவுறுதி என்றால் என்னவென்று அங்கே கண்ணால் பார்ப்பார்கள்.

பரிசும் போட்டியும் ஆரம்பத்தில் வேண்டாம். அவை ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளையையே மேலே கொண்டுபோகும். வாய் திறவாதிருந்த பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்டால் வட்டம் பலன் தந்துவிட்டது. உங்கள் ஊரில் படித்த இளைஞர் இருவர் இருந்தால் போதும், வருகிற ஞாயிறே தொடங்குங்கள்.