ரேக்கில் கீரை வளர்ப்பவர்களுக்கு: வெளிச்சம் வீணாகாமல் இருக்க சில குறிப்புகள்

வெயில் எட்டிப் பார்க்காத ஃபிளாட்டிலும் எல்.இ.டி டியூபுக்குக் கீழே வெந்தயக்கீரை, கடுகு முளைக்கீரை, புதினா, மிளகாய் நாற்று எல்லாம் நன்றாகவே வரும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு தட்டு, அதற்கு ஓரடி மேலே 20 வாட் டியூப் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் திறந்து கிடந்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இலையைத் தொடாமலே அறைக்குள் போய்விடும். அதைத் திருப்பி அனுப்ப எந்தத் தடுப்பு நல்லது, எது வீண் செலவு என்று பார்ப்போம்.

1. முதலில் விளக்கைப் பாருங்கள். பழைய டியூப்லைட்டும் சி.எஃப்.எல் பல்பும் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை இறைப்பவை. அவற்றுக்குத் தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் தகடு கட்டாயம் வேண்டும். எல்.இ.டி பேட்டன் அப்படியல்ல, பெரும்பாலும் கீழ்நோக்கியே வீசும். அதற்கு மேல்மூடி வாங்குவது தேவையில்லாத செலவு. அந்தப் பணத்தைப் பக்கவாட்டுத் தடுப்புக்குப் போடுங்கள்.

2. பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். கண்ணாடி போன்ற பரப்பு, வந்த வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பிவிடும். மங்கலான வெள்ளைப் பரப்பு அதைப் பல திசையிலும் சிதறடிக்கும். நெருக்கமாக முளைத்த கீரைக்கு இந்தச் சிதறல்தான் வேண்டும். மேல் இலையின் நிழலில் கிடக்கும் அடி இலைக்கும் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் போய்ச் சேரும். நல்ல மேட் வெள்ளை பெயின்ட் தன்மேல் விழுவதில் 85 முதல் 90 சதவீதம் வரை திருப்பித் தரும். மைலார் எனப்படும் உலோகப் பூச்சுத் தாள், புதிதாக, சுருக்கமில்லாமல் இருந்தால் 90 முதல் 95 சதவீதம் வரை தரும். வித்தியாசம் கொஞ்சம்தான். நான்கு மடிப்பு விழுந்து தூசியும் படிந்துவிட்டால் அதுவும் போய்விடும். சின்ன ரேக்குக்கு என் ஓட்டு மேட் வெள்ளைக்கே.

3. சுமாரான பரப்பு ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. வெளிச்சம் இலையில் விழுவதற்குள் பக்கச் சுவர்களில் இரண்டு மூன்று முறைகூட மோதும். 90 சதவீதம் திருப்பும் பரப்பில் மூன்று முறை மோதினால் 73 சதவீதம் மிஞ்சும். 60 சதவீதப் பரப்பில் மிஞ்சுவது 22 மட்டுமே. பழுப்பு அட்டைப்பெட்டி, பிளைவுட், நிறம் மங்கிய சுவர் ஆகியவற்றை அப்படியே தடுப்பாக விடக் கூடாது என்பது இதனால்தான்.

4. பெயின்ட் அடிப்பதானால் நிறம் கலக்காத சுத்த வெள்ளையை, மேட் ஃபினிஷில் கேட்டு வாங்குங்கள். ஐவரி, கிரீம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் சாயல் உள்ள பரப்பு நீல ஒளியை விழுங்கிவிடும். நாற்று ஒல்லியாக நெட்டையாகப் போகாமல் கட்டையாக நிற்க நீல ஒளி மிகவும் தேவை.

5. சுண்ணாம்பை மறந்துவிடாதீர்கள். கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் மேட் வெள்ளை அது. காரத்தன்மை இருப்பதால் ஈரமான மூலையில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும்போது பளிச்சென்று தெரிய நீலம் கலப்போம் அல்லவா? இங்கே கலக்கக் கூடாது. நீலம் மஞ்சள் ஒளியை உறிஞ்சுவதால்தான் கண்ணுக்கு அதிக வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையில் திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. சுண்ணாம்பு கையில் ஒட்டும், தட்டிலும் உதிரும். கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்தால் உதிர்வது குறையும்.

6. சமையலறை அலுமினியம் ஃபாயில் அவசரத்துக்கு மட்டும். பளபளப்பான பக்கம், மங்கலான பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத்தான் திருப்பும். இரண்டு தாளைச் சேர்த்து உருளையில் கொடுத்துத் தயாரிப்பதால் வரும் தோற்ற வித்தியாசம் அது. கசங்கிய ஃபாயில் வெளிச்சத்தை ஓரிடத்தில் திட்டாகக் கொட்டி, பக்கத்து இடத்தை இருட்டாக்கும். அதைவிட முக்கியம், அதில் மின்சாரம் பாயும். ஹோல்டர், ஒயர் இணைப்பு, பிளக் ஆகியவற்றின் அருகில் ஃபாயில் ஒட்டவே கூடாது. தண்ணீர் தெளிக்கும் இடம் என்பதால் இதில் எந்தச் சலுகையும் காட்டாதீர்கள்.

7. மைலார் வாங்கினால் கடையிலேயே எரியும் பல்புக்கு முன் பிடித்துப் பாருங்கள். பல்பின் உருவம் தாளுக்கு அப்பால் தெளிவாகத் தெரிந்தால் பூச்சு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவி வெளியே போகிறது என்று பொருள். கொஞ்சம் கனமான தாளாக எடுத்து, அட்டையில் இரட்டைப் பக்க டேப்பால் விறைப்பாக ஒட்டுங்கள். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறமும் இதே வகைப் பூச்சுதான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து ஒட்டினால் மடிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் மிஞ்சும்.

8. முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம். ரசம் பின்பக்கம் இருப்பதால் ஒளி கண்ணாடியை இருமுறை கடந்து வர வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கும். கனமும் அதிகம்.

9. கைக்கெட்டும் பொருள்களில் எனக்குப் பிடித்தது வெள்ளை சன்பேக் ஷீட். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், கத்தியால் அறுக்கலாம், நனைந்தாலும் ஊறாது. அச்சிடாத வெள்ளை ஃபிளெக்ஸும் நன்று, பேனர் கடையில் மிச்சத் துண்டாகக் கேட்டுப் பாருங்கள். தெர்மகோல் நன்றாகவே ஒளியைச் சிதறடிக்கும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். சூடாகும் விளக்கோ அடாப்டரோ அதைத் தொட விடாதீர்கள். தோட்டத்துக்குப் போடும் வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட்டை ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அது சாம்பல் நிறம் என்பது புரியும். பாத்திக்கு அது சரி, ரேக்குக்குச் சரியல்ல.

10. எந்தப் பொருள் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். தடுப்பு தட்டின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும், விளக்கின் உயரம் வரை எட்டட்டும். முன்பக்கம் ஃபிளெக்ஸைத் திரைபோல் தொங்கவிட்டால் தண்ணீர் தெளிக்கத் தூக்கிக்கொள்ளலாம். முழுக்க மூடிவிடாதீர்கள். கீழே இரண்டு அங்குலம், மேலே கொஞ்சம் என்று காற்றுக்கு வழி விடுங்கள். புழுக்கமும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் வந்துவிடும், தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சாயும். சென்னை மே மாதத்தில் இதை அலட்சியம் செய்தால் ஒரே இரவில் தட்டு காலியாகும்.

11. தாளிப்புப் புகை, ஊதுபத்தி, தெருத் தூசி எல்லாம் தடுப்பில் படியும். சன்பேக், ஃபிளெக்ஸ் ஆகியவற்றை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். மைலாரை மெல்லிய துணியால் மட்டும், அழுத்தாமல் துடைக்க வேண்டும். தேய்த்தால் பூச்சு கழன்றுவிடும்.

12. செடியே சொல்லும். கடுகு நாற்று எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் எதிர்ப் பக்கத்திலிருந்து போதிய வெளிச்சம் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தடுப்பைக் கவனியுங்கள்.

13. அளந்தும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் இறக்கி, போனைத் திரை மேலே தெரியும்படி தட்டில் வையுங்கள். ஒளியை உணரும் சென்சார் திரைப் பக்கத்தில், மேல் விளிம்பருகே இருக்கும். நடுவிலும் நான்கு மூலையிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், தடுப்பு வைத்தபின் அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிடப் போதும். மூலை எண் நடு எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, தடுப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

14. வெளிச்சம் போதவில்லை என்று இரண்டாவது டியூப் மாட்டினால், இரண்டும் சேர்ந்து தினம் 14 மணி நேரம் எரிய, இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 34 யூனிட் ஆகும். அதில் பாதி இரண்டாவது டியூபுக்கு. அதை வாங்கப் புறப்படும் முன், ஒரே ஒரு வெள்ளை சன்பேக் ஷீட்டை வாங்கி நான்காக அறுத்து நிறுத்தி, மூலைகளை மறுபடி அளந்து பாருங்கள்.