ரத்தத்தில் ஊறிய படிப்பா?

கோவில்பட்டிக் கடைவீதியில் இரண்டு பேர் நின்று பேசினால் தவறாமல் வந்து விழும் சித்தாந்தம் ஒன்று உண்டு: "அவுங்களுக்கு வியாபாரமும் படிப்பும் ரத்தத்துலயே ஊறினது." விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வணிகக் குடும்பங்களைக் குறித்தே பெரும்பாலும் இப்படிச் சொல்லுவார்கள். மெச்சித்தான் சொல்லுகிறார்கள் என்றாலும், பல தலைமுறைகளின் பிரயாசையை ரத்தத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகிற பேச்சு அது.

நடந்த விருத்தாந்தம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளை விட்டு, கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய வண்டிகளோடு வடக்கே இந்த வறண்ட சீமைக்கு வந்த, அந்தக் குடும்பங்களின் முன்னோரான நாடார்கள், வழிப்பறிக்கு அஞ்சி, மாடும் சரக்கும் இராத்தங்கச் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். அவற்றின் செலவுக்கென்று விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என எடுத்து வைத்த மகமையே, நாளாவட்டத்தில் ஊர்ச் சாதிச் சபையான உறவின்முறையின் பொதுப்பணமாகத் திரண்டு, கிணறாகவும் கோயிலாகவும், 1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலையாகவும் உருவெடுத்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்குமுன் ஒதுக்கிய பிடி அரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது. அதே குடியில் பிறந்து தெற்கே பனையேறியே இருந்துவிட்டவர்களுக்கோ பேட்டையும் கிடையாது, மகமையும் கிடையாது. அவர்கள் பிள்ளைகளில் பலருக்கு எழுத்தறிவித்தவை நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் பாதிரிமார் வைத்த பள்ளிகள். ரத்தமே காரணமென்றால் இரண்டு இடத்திலும் ஒரே விதமாக அல்லவா பலித்திருக்க வேண்டும்? அவ்வளவு ஏன், வித்யாசாலையில் சேர்ந்த காமராஜரையே, தகப்பனாரை இழந்த பிறகு, அந்தப் பள்ளியால் பிடித்து வைக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதளவில் மாமன் கடைக்குப் போய்விட்டார்.

கடல் கடந்தால் எவனும் முன்னுக்கு வந்துவிடுவான் என்பது அடுத்த நம்பிக்கை. மலேயாவுக்குப் போன தமிழர்களிலேயே, அமெரிக்க மிஷன் பள்ளிகளின் ஆங்கிலத்தோடு போன யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் குமாஸ்தாக்களாக அமர்ந்தார்கள்; நம் ஜில்லாக்களிலிருந்து வெறுங்கையோடு போனவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வாய்த்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜா உரிமையையே 1948-ஆம் வருஷத்துச் சட்டம் பறித்துவிட்டது. பாகிஸ்தானியர் சங்கதியும் இதுதான். மங்களா அணைக்கு நிலம் கொடுத்துவிட்டு மீர்ப்பூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்களில் பலர் பிராட்போர்டு போன்ற ஊர்களின் பஞ்சாலைகளில் ராத்திரி ஷிப்டுக்கு நின்றார்கள். 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பின் அங்கே போனவர்களில் பலர் லாகூரிலும் கராச்சியிலும் ஏற்கனவே படித்து முடித்த டாக்டர்களும் என்ஜினீயர்களும். தேசமும் மதமும் ஒன்றாயிருக்க, முன்னவர் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கினால் 'அந்த ஜனங்களே அப்படி' என்றும், பின்னவர் பிள்ளைகள் முந்தினால் 'மகா கெட்டிக்காரர்கள்' என்றும் தீர்ப்புச் சொல்லுகிறது உலகம்.

கரிசல்காட்டு ஏழைக்குப் பிள்ளை படிப்பில் அக்கறையில்லை என்பது மூன்றாவது. எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற மண் இது. வானம் பொய்த்த வருஷங்களில், விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கிற தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போய், நாளெல்லாம் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிய சிறுமியின் கூலியே எத்தனையோ வீடுகளில் உலை ஏற்றியது. எட்டயபுரத்தில் 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளைகள் வந்தார்கள், அக்கறை எங்கேயும் போய்விடவில்லை என்பதும் தெரிந்தது. ஆயினும் அந்தச் சோறு பிள்ளையின் ஒரு வேளைப் பசியைத் தீர்த்ததே தவிர, அவள் கூலிக்கு ஈடாகவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தபோதும் ஆபீஸ் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.