பாவித்த கைத்தொலைபேசி வாங்குமுன்: அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவது எப்படி?

பசு வாங்கப் போகும் விவசாயி அதன் கழுத்து மணியைப் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். வயது என்ன, இன்னும் எத்தனை ஈற்றுக்குப் பால் தரும் என்பதை அறிந்த பின்னரே பணத்தை எடுக்கிறார். இதே விவசாயி பாவித்த கைத்தொலைபேசி வாங்கப் போனால் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைப் பார்த்தே ஏமாந்துவிடுகிறார். போனுக்கும் பல் உண்டு. அதைப் பார்க்கும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. விதைநெல்லுக்கும் பசளைக்கும் வைத்த பணத்தில் ஒரு பகுதியே பெரும்பாலும் போனுக்குப் போகின்றது. ஆறு மாதத்தில் அது பயனற்றுப் போனால் நட்டம் போனோடு நிற்பதில்லை. அடுத்த போகத்தையும் பாதிக்கின்றது.

1. முதலில் எமது தேவையை அறிவோம்

கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து, போனால் எமக்கு ஆகவேண்டிய வேலைகள் எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக அவை பின்வருமாறு அமையும்:

அ) உறவினருடன் பேசுதல், வெளிநாட்டில் உள்ளவர்களுடன் வட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளுதல்.
ஆ) பிள்ளைகளின் பாடக் குறிப்புகளைப் பெறுதல்.
இ) நோய் கண்ட இலையைப் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புதல்.
ஈ) வங்கிக் கணக்கைப் பார்த்தல், பணம் அனுப்புதல்.
உ) காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமாகச் சேமித்தல்.

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துடன் பேசுவதற்கு விலை கூடிய போன் தேவையில்லை. பொத்தான் போனே போதும். பேசுவது மட்டுமே தேவையானால் இப்பாடத்தை இத்துடன் நிறுத்திவிட்டுப் பணத்தைச் சேமிக்கலாம். மற்ற வேலைகளும் தேவையானால் தொடர்ந்து படியுங்கள்.

2. தோற்றம் ஒன்று, ஆயுள் வேறு

வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய ஐபோன்கள் எமது ஊர்களில் கைமாறுவதுண்டு. அவற்றுள் இரண்டை உதாரணமாக எடுப்போம். ஐபோன் 6 என்பது 2014இலும், ஐபோன் 6எஸ் என்பது 2015இலும் வெளிவந்தன. பக்கத்தில் பக்கம் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். பின்புறத்தில் உள்ள ‘எஸ்’ என்ற சிறிய ஆங்கில எழுத்துத்தான் 6எஸ் போனைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் உள்ளே பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே நேரத்தில் வேலைகளைத் தாங்கும் நினைவகம் 6இல் 1 கிகாபைட், 6எஸ்ஸில் 2 கிகாபைட். ஒவ்வொரு போனையும் இயக்குவதற்கு இயங்குதளம் என்ற அடிப்படைச் செயற்திட்டம் ஒன்று உண்டு. ஐபோன்களின் இயங்குதளம் ஐஓஎஸ் எனப்படும். ஐபோன் 6க்கு ஐஓஎஸ் 12 உடன் புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. 6எஸ் ஐஓஎஸ் 15 வரை சென்றது.

இதன் விளைவு 2025இல் தெரிந்தது. அவ்வாண்டு மே 5ஆம் திகதி முதல், ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு உள்ள ஐபோன்களிலேயே வட்ஸ்அப் இயங்கும் என ஆக்கப்பட்டது. ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் வட்ஸ்அப்பை இழந்தார்கள். 6எஸ் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். கண்ணாடியில் கீறலே இல்லாத ஐபோன் 6ஐ மலிவாக வாங்கியவர், கனடாவில் உள்ள பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் பார்க்க முடியாதவரானார்.

இதனால் 6எஸ் வாங்குங்கள் என்பது பொருளல்ல. அதுவும் 2015ஆம் ஆண்டின் போனே. அடுத்த எல்லைக்கோடு வரும்போது அதுவும் வெளியே நிற்கும். நாம் கற்கவேண்டியது இதுவே: ஒரு தலைமுறை வித்தியாசம் என்பது அழகின் வித்தியாசமல்ல, ஆயுளின் வித்தியாசம்.

3. ஓர் ஒப்பீடு: சம்சுங் ஏ14, ஏ15

இப்போது எம்மால் வாங்கக்கூடிய அன்ட்ரொய்ட் போன்கள் இரண்டை ஒப்பிடுவோம். சம்சுங் கலக்சி ஏ14 என்பது 2023இன் தொடக்கத்திலும், ஏ15 என்பது 2023 டிசம்பரிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் 4ஜி மாதிரியையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒத்திருப்பவை. இரண்டிலும் பற்றரி 5,000 மில்லிஅம்பியர்-மணி. இரண்டிலும் பின்புறப் பிரதான கமரா 50 மெகாபிக்சல். இரண்டிலும் விரல் அடையாளம் வைக்கும் இடம் பக்கப் பொத்தானில் உள்ளது. இரண்டுமே நீர் உட்புகாதவை என்று தரச்சான்று பெற்றவையல்ல. வயலுக்குக் கொண்டுபோகும்போது பொலித்தீன் பையில் இடுவது அவசியம்.

இனி வேறுபடுபவை:

திரை: ஏ14இல் சாதாரண எல்சிடி திரை. ஏ15இல் அமோலெட் திரை. வெயிலில் நின்று பார்ப்பவருக்கு ஏ15 தெளிவாகத் தெரியும். ஆனால் அமோலெட் திரை உடைந்தால் மாற்றும் செலவு பொதுவாகக் கூட.

வேகம்: ஏ15இன் செயலி புதியது, வேகம் கூடியது, மின்சாரத்தைக் குறைவாக எடுப்பது.

சேமிப்பிடம்: ஏ14 போன்கள் 64 கிகாபைட்டில் தொடங்குகின்றன, ஏ15 போன்கள் 128இல் தொடங்குகின்றன. வட்ஸ்அப் படங்களும் ஒளிப்படப் பதிவுகளும் சேரச் சேர 64 விரைவில் நிரம்பிவிடும்.

சார்ஜ் ஏறுதல்: ஏ14 15 வாற் வரையும், ஏ15 25 வாற் வரையும் ஏற்கும். பொருத்தமான சார்ஜர் இருந்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். வீட்டில் மின்சாரம் இல்லாமல், கடையிலோ அயல்வீட்டிலோ சார்ஜ் போடுபவர்களுக்கு இது உதவும்.

ஆயுள்: இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏ14 அன்ட்ரொய்ட் 13 உடன் வந்தது. அதற்கு இரண்டு புதிய பதிப்புகளும் நான்கு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேற்றும் என்று நிறுவனம் கூறியது. ஏ15 அன்ட்ரொய்ட் 14 உடன் வந்தது. அதற்கு நான்கு புதிய பதிப்புகளும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு அப்டேற்றும் என்று கூறியது. இதன்படி ஏ14இன் காலம் 2027 தொடக்கத்திலும், ஏ15இன் காலம் 2028 இறுதியிலும் முடிகின்றன. வெளிவந்ததில் ஓராண்டு இடைவெளியும் இல்லை; ஆயுளிலோ ஏறக்குறைய இரண்டு ஆண்டு வித்தியாசம்.

பாதுகாப்பு அப்டேற் என்பது என்ன? வேலியில் காலத்துக்குக் காலம் பொட்டு விழும். வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து அடைப்பார். போனின் செயற்திட்டத்திலும் அவ்வாறே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. நிறுவனம் அடைத்து அனுப்புகிறது. காலம் முடிந்தபின் போன் நின்றுபோகாது. பேசலாம், படம் எடுக்கலாம். ஆனால் பொட்டுகளை அடைக்க ஆளில்லை. அப்படிப்பட்ட போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது, பொட்டு விழுந்த வேலிக்குள் கன்றைக் கட்டுவது போன்றது.

4. விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள்

2026 ஜனவரியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏ14க்கு 21,000 ரூபாவும் ஏ15க்கு 32,400 ரூபாவும் கேட்கிறார்கள் என்போம். இவை கணக்குக்காக எடுத்த தொகைகளே, சந்தை விலையல்ல.

ஏ14: 2027 பெப்ரவரி வரை 14 மாதங்கள். 21,000 ÷ 14 = மாதம் 1,500 ரூபா.
ஏ15: 2028 டிசம்பர் வரை 36 மாதங்கள். 32,400 ÷ 36 = மாதம் 900 ரூபா.

மலிவென்று எண்ணியது மாதக் கணக்கில் கூடிய விலையாகின்றது. மாதம் 900 ரூபாதான் நியாயம் என்று கொண்டால், 14 மாத ஆயுளுள்ள ஏ14க்கு 14 × 900 = 12,600 ரூபாவே தகும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பற்றரி மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். கடன் வாங்கினால் வட்டியையும் கூட்டுங்கள்.

வங்கி வேலை உங்களுக்குத் தேவையில்லை, பேச்சும் படமும் போதும் என்றால் பாதுகாப்புக் காலம் முடிந்த பின்னரும் ஏ14ஐப் பாவிக்கலாம். அவ்வாறானவர் கூடிய மாதங்களால் வகுத்துப் பார்க்கலாம். கணக்கு ஒன்றே, தேவைதான் வேறு.

5. கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

நல்ல மாதிரியைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. உங்கள் கையில் இருக்கும் அந்தப் போன் நல்லதா என்பதையும் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், அவசரப்படாமல், பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்.

(1) மாதிரியை உறுதி செய்யுங்கள். ஏ14ஐ ஏ15 என்று சொல்லி விற்பவர்கள் இருக்கலாம். அமைப்புகளில் ‘தொலைபேசி பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் மாதிரி இலக்கம் தெரியும். 4ஜி ஏ14இல் 145 என்றும், 4ஜி ஏ15இல் 155 என்றும் எண்கள் இருக்கும். அத்துடன் ஏ15இல் பக்கப் பொத்தான்கள் உள்ள விளிம்பு சற்று மேடாக இருக்கும்.

(2) பல்லைப் பாருங்கள். அதே பகுதியில் ‘மென்பொருள் தகவல்’ என்பதைத் திறந்து அன்ட்ரொய்ட் பதிப்பையும், கடைசிப் பாதுகாப்பு அப்டேற்றின் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

(3) அடையாள இலக்கத்தைச் சரிபாருங்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் தோன்றும். இரண்டு சிம் உள்ள போனில் இரண்டு எண்கள் வரும். பெட்டியில் உள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். பின்னர் ஐஎம்இஐ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்குக் குறுந்தகவல் அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பதில் வரும். பதில் வருமுன் பணம் கொடுக்காதீர்கள்.

(4) பூட்டு இல்லையென உறுதி செய்யுங்கள். விற்பவர் தமது கூகுள் கணக்கையும் சம்சுங் கணக்கையும் உங்கள் முன்னிலையில் நீக்கி, பின்னர் போனை முழுமையாக அழிக்க வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்தால் போன் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ஐபோனிலும் அப்பிள் கணக்கு இவ்வாறே பூட்டும். “பிறகு எடுத்துத் தருகிறேன், அண்ணை” என்ற பேச்சை ஏற்கவேண்டாம்.

(5) உறுப்புகளைச் சோதியுங்கள். பெரும்பாலான சம்சுங் போன்களில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். திரையின் நிறங்கள், தொடு உணர்வு, ஒலிபெருக்கி, அதிர்வு, கமரா ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். உங்கள் சிம்மை இட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பேசியும் பாருங்கள். உறையைக் கழற்றி, பின்பக்கம் வீங்கியுள்ளதா என்று பாருங்கள். வீங்கிய பற்றரி ஆபத்தானது. 15 நிமிடம் வீடியோ ஓடவிட்டுப் பற்றரியின் சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். சார்ஜரைச் செருகி அசைத்துப் பாருங்கள்.

(6) சிம் தட்டைத் திறந்து பாருங்கள். துருவோ பச்சைப் படிவோ இருந்தால் நீர் போயிருக்கிறது. இரண்டு சிம்மும் நினைவக அட்டையும் ஒன்றாக இட இடமுண்டா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

(7) பற்றுச்சீட்டு வாங்குங்கள். திகதி, ஐஎம்இஐ எண், விலை, விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் ஆகியன அதில் இருக்கட்டும். களவுபோன போன் என்று பின்னர் விசாரணை வந்தால் உங்களைக் காப்பது இந்தத் துண்டுக் காகிதமே.

6. வாங்கிய பின் முதல் வேலை

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோதும், 2009இல் வன்னியின் இறுதி நாட்களிலும், காணி உறுதியையும் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் பல. ஆகவே போன் கைக்கு வந்த அன்றே, வீட்டில் உள்ள பத்திரங்கள் அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். அவற்றை நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் படம் இருக்கும். படம் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது இலகுவாகும்.

கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடாத மனிதனைப் பற்றிய இயேசுவின் உவமை லூக்கா நற்செய்தியில் உண்டு. அந்த அறிவுரை பெரிய கட்டடங்களுக்கு மட்டும் உரியதல்ல. உழைத்துச் சேர்த்த சிறிய தொகையைச் செலவிடும்போதும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பாவித்த போன் வாங்கியவர்கள் முதலில் எதைப் பார்த்து வாங்கினார்கள்?
2. உங்கள் போனின் கடைசிப் பாதுகாப்பு அப்டேற்றின் திகதி என்ன? இப்போதே திறந்து பாருங்கள்.
3. 18,000 ரூபா விலையும் 12 மாத ஆயுளும் உள்ள போன் நல்லதா, 30,000 ரூபா விலையும் 30 மாத ஆயுளும் உள்ள போன் நல்லதா? கணக்கிட்டுக் காட்டுங்கள்.
4. சோதிக்கும் முறையை நன்கு அறிந்த இளைஞர் ஒருவரை, வாங்கப் போகும் குடும்பங்களுக்குத் துணையாக அனுப்ப எமது சங்கத்தால் ஒழுங்கு செய்ய முடியுமா?