அத்தனை வண்டியும் அவர்களுடையதா?

கேள்வி: அம்மாபேட்டை பக்கம் நான்கு ஏக்கரில் சம்பா போடுகிறேன். என் மகன் டிப்ளமா முடித்துவிட்டு மூன்று வருடமாக ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருக்கிறான். தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ்காரர் அவனிடம், “உங்கள் பெயரில் புது வண்டி ஒன்று எடுத்து எங்களிடம் விட்டுவிடுங்கள். மாதம் 28,000 ரூபாய் கொடுத்துவிடுகிறோம், டியூ போக மிச்சம் உங்களுக்கு” என்றிருக்கிறார். முன்பணத்துக்கு வீட்டு நகையை அடகு வைக்கலாம் என்கிறான் பையன். அவர்கள் பெயர் ஒட்டிய கார்கள் முப்பது, நாற்பதாவது ஊருக்குள் ஓடுகின்றன. இத்தனை வண்டியை எப்படி வாங்கினார்கள்? அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கு எங்கள் வண்டி எதற்கு?
— ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: அன்புள்ள ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதைத்தான் உங்கள் மகன் அந்த டிராவல்ஸ்காரரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். வாகனக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் உங்கள் வயலில் இறங்கும் அறுவடை மிஷினை நினைத்துப் பாருங்கள். ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது. அதைப் பிடித்துக் கொடுக்கும் உள்ளூர் புரோக்கரிடம் சொந்தமாக ஒரு மிஷின்கூட இருக்காது. ஆனாலும் அவர் போன் போட்டால் பத்து மிஷின் வந்து நிற்கும். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் சாய்ந்து கிடக்கிறது, யார் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய முதல் அதுதான். கார் டிராவல்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். கண்ணாடியில் ஒட்டிய பெயர் ஒருவருடையது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர் இன்னொருவருடையது. நாற்பது வண்டி ஓடினால் நாலைந்துதான் முதலாளியுடையதாக இருக்கும். மற்றவை ‘அட்டாச்’ வண்டிகள். தப்பு ஒன்றும் இல்லை, பழைய வியாபார முறைதான். ஆனால் அட்டாச் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்றில் பிழைக்கலாம், மற்றதில் வண்டியே கைவிட்டுப் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தச் சொந்த வண்டிகள் எப்படி வந்தன என்பதை முதலில் பார்ப்போம். முழுப் பணம் கொடுத்து வாங்கியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். முதல் வண்டி பெரும்பாலும் செகண்ட்ஸ். அதன் டியூ முடிந்ததும் அதே ஆர்.சி.யை ஈடு வைத்துக் கடன் வாங்கி, அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்டுவார்கள். இரண்டாவது வண்டி மூன்றாவதை இழுத்து வரும். பத்து வண்டி வைத்திருப்பவரின் பெட்டியில் பத்து ஆர்.சி.யும் கடன் நீங்கிய நிலையில் இருப்பது அபூர்வம்.

இந்தத் தொழிலின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் ஓட்டியது தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே. அந்தக் குடும்பம் பிறகு மோட்டார் வண்டியும் உதிரிபாகமும் விற்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவருடைய மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். பஸ்ஸும் லாரியும் வாங்க நினைத்த சிறிய ஆட்களுக்குத் தவணையில் கடன் கிடைக்கிற வழி அப்படி விரிந்தது. பழைய லாரிக்குக் கடன் கொடுக்கும் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் 1979-ல் வந்தது. தமிழ்நாட்டில் ஒற்றை வண்டி முதலாளிகள் இத்தனை பேர் இருப்பதற்கு இந்தக் கடன் ஏற்பாடு ஒரு பெரிய காரணம். வண்டிகளைச் சேர்க்க அரசிடம் வேறொரு வழி இருந்தது. 1972-ல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது, ராமன் அன்ட் ராமன் போன்ற தனியார் கம்பெனி பஸ்கள் நாட்டுடைமையாகி அதற்குள் போயின.

எந்த வண்டியை வாங்குவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. தெரிந்த டிராவல்ஸ் முதலாளி ஷோரூமுக்குள் நுழையும்போதே அந்த வண்டியை விற்கப் போகும் நாளை யோசித்துவிடுவார். அம்பாசிடர் போய் குவாலிஸ் வந்தது. 2005-ல் குவாலிஸின் இடத்தில் இன்னோவா வந்தது. எட்டியோஸ் 2020-ல் நின்றுபோனாலும் ஸ்டாண்டில் இன்னும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகு பார்த்து யாரும் இவற்றை எடுக்கவில்லை. எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும், லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும், கடைசியில் விற்றாலும் ஒரு விலை நிற்கும். மாருதியில் டிசையரின் டாக்ஸி வடிவத்தை ‘டூர் எஸ்’ என்றும் எர்டிகாவின் டாக்ஸி வடிவத்தை ‘டூர் எம்’ என்றும் தனியாகவே விற்கிறார்கள். ஆடம்பரம் குறைவு, வேகம் 80 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும்.

வரியிலும் சலுகை உண்டு. வாடகைக்கு ஓட்டும் தொழிலில் உள்ள வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், சாதாரண காருக்கு 15 தான். ஜி.எஸ்.டி.யில் மட்டும் கவனம் வேண்டும். பயணியிடம் 5 சதவீதம் வசூலிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தவருக்கு, வண்டி வாங்கும்போது கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உங்கள் மகன் போன்றவர்களுக்கு உண்மையான உதவி.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு. அவை மொத்தமாக ஆர்டர் கொடுத்து விலையைக் குறைக்கும். அல்லது குத்தகைக்கு எடுக்கும். குத்தகை என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நிலம் ஒருவருடையது, வெள்ளாமை இன்னொருவருடையது. அமெரிக்காவில் இன்னொரு முறையும் உண்டு. இத்தனை மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கார் தயாரிப்பாளரே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுவார். சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் 1918-ல் பன்னிரண்டு ஃபோர்டு கார்களோடு தொடங்கியதுதான் பின்னாளில் ஹெர்ட்ஸ் என்ற பெரிய வாடகைக் கம்பெனியாயிற்று. கொரோனா வந்து பயணம் நின்றபோது பழைய கார்களின் விலை சரிந்தது. வண்டிகளின் பேரில் கடன் கொடுத்தவர்கள் சரிந்த விலைக்கு ஈடாகப் பணம் கேட்டார்கள். 2020 மே மாதம் அந்தக் கம்பெனி திவால் மனுவோடு நீதிமன்றப் படி ஏறியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அடி விழுந்த இடம் இதுதான்: ஓட்டம் நின்றாலும் டியூ நிற்காது.

நீங்கள் மேட்டூர் தண்ணீரையும் கொள்முதல் நிலையத்துப் பணத்தையும் பார்த்து வாழ்கிறவர். டிராக்டர் கடனுக்கு அரையாண்டுத் தவணை உண்டு, அறுவடையை ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம். கார் கடனுக்கு அந்தத் தயவு பொதுவாகக் கிடையாது, மாதா மாதம் கட்டியாக வேண்டும். ஆனால் டெல்டாவில் கார் ஓட்டமும் பருவத்தைப் பொறுத்ததுதான். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறு. ஆடியில் கல்யாண ஓட்டம் கிடையாது, வண்டி வாசலில் நிற்கும். அதனால்தான் விவரம் தெரிந்த முதலாளி சொந்த வண்டிகளை ஆடி மாதத்து ஓட்டத்துக்கு அளவாக வைத்துக்கொள்கிறார், ஆவணிக் கூட்டத்துக்கு அட்டாச் வண்டிகளைக் கூப்பிடுகிறார். வண்டி நிற்கிற நாட்களின் நஷ்டம் அப்போது அட்டாச் வண்டிக்காரருடையது. உங்கள் வண்டி அவருக்கு எதற்கு என்று கேட்டீர்களே, காரணம் இதுதான்.

இனி உங்களிடம் சொல்லப்பட்ட திட்டத்துக்கு வருகிறேன். அட்டாச்சில் முதல் வகை டிரிப் கணக்கு. வண்டியும் சாவியும் உங்கள் மகனிடம் இருக்கும். டிராவல்ஸ்காரர் டிரிப் கொடுப்பார், வாடகையில் தன் பங்கைக் கழித்துக்கொள்வார். ஓட்டம் குறைந்தால் அவன் வேறு இடத்தில் ஓட்டிக்கொள்ளலாம். இதில் லாபம் சுமார்தான். ஆனால் வண்டி கண் முன்னால் நிற்கும்.

இரண்டாவது வகை, சாவியையும் வண்டியையும் ஒப்படைத்துவிட்டு மாதப் பணத்துக்குக் காத்திருப்பது. உங்களிடம் சொல்லியிருப்பது இது. எட்டு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் டியூ மாதம் ஏறக்குறைய 17,000 ரூபாய். 28,000 வந்தால் 11,000 மிச்சம் என்று தோன்றும். அந்தப் பதினோராயிரத்துக்குள்தான் வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ், பெர்மிட், சாலை வரி, எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் அடங்க வேண்டும். இவற்றில் எதை யார் கட்டுவது என்று எழுத்தில் இருக்கிறதா? நகை வட்டி தனி. ஐந்து வருடம் கழித்துக் கையில் இருக்கப்போவது, வேறு யாரோ பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்த ஒரு மஞ்சள் போர்டு வண்டி. அதே மாடல் வெள்ளை போர்டை விட அதற்கு விலை குறைவு.

சட்டத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டியை விற்றுக் கைமாற்றிய பிறகும் பெயர் மாற்றாவிட்டால் விபத்து இழப்பீட்டுக்குப் பழைய பெயர்க்காரரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்ற வண்டிக்கே இது என்றால், வாடகைக்கு விட்ட வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

வெள்ளை போர்டிலேயே எடுங்கள், டாக்ஸ் மிச்சம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ் பாலிசி வாடகை ஓட்டத்தை ஏற்காது, விபத்து நடந்தால் சுமை உங்கள் தலையில். ‘செல்ஃப் டிரைவ்’ என்று டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடுவதற்குத் தனித் திட்டம் உண்டு. 1989-ஆம் ஆண்டின் அந்தத் திட்டத்தின்படி லைசென்ஸ் வாங்கவே, அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் உள்ள 50 வண்டிகளாவது வேண்டும். அவற்றின் நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். உங்கள் மகன் பார்த்திருக்கக்கூடிய செல்ஃப் டிரைவ் வண்டிகளில் எத்தனைக்குக் கறுப்புப் பலகை இருந்தது என்று அவனையே கேளுங்கள்.

ஒரு வீட்டின் நினைவு இன்னும் என்னை உறுத்துகிறது. திருவாரூர் பக்கம் டியூ நிலுவைக்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாதம் ஒழுங்காகப் பணம் வந்திருக்கிறது, நான்காம் மாதம் போன் எடுக்கவில்லை. வண்டியை வாங்கிப் போனவர் அதை வேறொருவரிடம் அடகு வைத்துவிட்டார். ஆர்.சி. அவர்கள் பெயரில், கடன் அவர்கள் பெயரில், வண்டி எங்கே என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். என் கையில் இருந்த நோட்டீஸை நீட்ட எனக்கு மனம் வரவில்லை, நீட்டத்தான் வேண்டியிருந்தது. உங்களை அணுகியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருந்தாலும் சாவியை ஒப்படைக்கும் ஏற்பாடு வேண்டாம் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. கையெழுத்து மட்டும் போட்ட காசோலையும் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு ஓட்டத் தெரியும், தொழிலில் ஆசை இருக்கிறது. அது நல்ல விஷயம், அவனைத் தடுக்காதீர்கள். நகையைத் தொடாமல், சம்பா பணத்தில் முடிந்த முன்பணத்துக்கு ஒரு நல்ல செகண்ட்ஸ் வண்டி போதும். புதிதுதான் என்றால் டிசம்பரில் பதிவு செய்யாமல் ஜனவரிக்குத் தள்ளுங்கள், விற்கும்போது ஒரு வருடம் இளசாகக் கணக்கு வரும். மஞ்சள் போர்டில், அவன் கையில், டிரிப் கணக்கில் ஓடட்டும். கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சுற்றும் ஓட்டம் வருடம் முழுக்க இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பதில் திருநள்ளாறு மட்டும் காரைக்காலில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் பெர்மிட் அதற்குப் போதாது, பெர்மிட் எடுக்கும்போதே அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டாக எடுத்துவிடுங்கள்.

அந்த டிராவல்ஸ்காரரிடம் பதில் சொல்லும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவர் பெயர் ஒட்டிய வண்டிகளில் நான்கின் நம்பரைப் பையனைக் குறித்துவரச் சொல்லுங்கள். போனில் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்றும் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தெரியும். பிறகு அந்த நான்கு வண்டிகளின் உரிமையாளர்களில் ஒருவரையாவது தேடிப் போய், போன ஆடி மாதப் பணம் எந்தத் தேதியில் வந்தது என்று நேரில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.